கென்ஸான்: தோட்டத்துக் கிளையைத் தாங்குவது எது, கவிழ்வது எது?

பூக்கடையில் வாங்கும் ரோஜாவும் கார்னேஷனும் நேராக, ஒரே தடிமனில், இலை குறைவாக வரும். எந்தப் பூ தாங்கியில் குத்தினாலும் நின்றுவிடும். வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய கொய்யாக் கிளை அப்படி இல்லை. ஒரு பக்கம் வளைந்திருக்கும், நுனியில் இலை கனக்கும், அடியில் கணு முட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இகெபானாவுக்கு வேண்டியது அந்த வளைவுதான். பூ தாங்கியைக் கவிழ்ப்பதும் அதே வளைவுதான். ஆகவே தோட்டத்துச் செடிகொடிகளை வைத்து இகெபானா செய்ய நினைப்பவருக்கு, பூ வாங்கிச் செய்பவரைவிடக் கனமான கென்ஸான், அதாவது ஊசிகள் பதித்த பூ தாங்கி, தேவைப்படும். இது தெரியாமல் கைக்கு லேசாக இருக்கும் இகெபானாக் கருவித் தொகுப்பை வாங்கிவிட்டு, "எனக்குக் கைவரவில்லை" என்று மூலையில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, கருவியில்தான்.

கென்ஸான் என்றால் ஜப்பானிய மொழியில் 'வாள் மலை' என்று பொருள். கனமான உலோக வட்டு, அதன் மேல் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் ஊசிகள், அவ்வளவுதான். இகெபானாவின் வயதோடு ஒப்பிட்டால் இது புதிய கருவி. கியோட்டோவின் ரொக்காக்குதோ கோயிலைச் சேர்ந்த இகெனோபோ மரபில் பூ அடுக்கிய செய்தி 1462-லேயே பதிவாகியிருக்கிறது. பின்னாளில் அந்த மரபில் வந்த ரிக்கா என்னும் பெரிய நிமிர்ந்த அலங்காரங்களை வைக்கோலை இறுகக் கட்டிய கற்றையில் குத்தி நிறுத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இகெபானாக் கலைஞர் ஒஹாரா உன்ஷின், ஆழமில்லாத அகலத் தட்டில் பூவைப் பரப்பும் 'மொரிபானா' முறையைக் கொண்டுவந்தார். தட்டில் தண்டு சாய்ந்துகொள்ள விளிம்பே இல்லை. அடியிலிருந்தே பிடித்துக்கொள்ளும் ஒன்று வேண்டியிருந்தது, அந்த இடத்தைப் பிடித்ததுதான் கென்ஸான். இன்றைக்கும் அதன் வேலை அதே வேலைதான்: விளிம்பு செய்யாத வேலையை அடி செய்ய வேண்டும்.

சந்தையில் பெரும்பாலும் 3 வகை கிடைக்கின்றன. ஈய அடியில் பித்தளை ஊசி, எஃகு அடியில் எஃகு ஊசி, அடியில் உறிஞ்சுகிண்ணம் வைத்த பிளாஸ்டிக். படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எடைக் கணக்கு

7 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கென்ஸானை எடுத்துக்கொள்வோம். அடித்தகட்டின் கனம் 1 செ.மீ. என்றால் அதன் கனஅளவு ஏறத்தாழ 38.5 கன செ.மீ. ஈயத்தில் செய்தால் 435 கிராம் வரும். எஃகில் செய்தால் 300 கிராம்தான். பிளாஸ்டிக்கில் 50 கிராம் தேறினால் அதிகம்.

இதில் 60 செ.மீ. நீளமும் 80 கிராம் எடையும் உள்ள ஒரு கிளையை 45 டிகிரி சாய்த்து நடுவில் குத்துகிறோம். கிளையின் எடைமையம் நீளத்தின் பாதியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், குத்திய இடத்திலிருந்து பக்கவாட்டில் 21 செ.மீ. தள்ளி அது தொங்குகிறது. கென்ஸானின் முன்விளிம்பு 3.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. விளிம்பைத் தாண்டி 17.5 செ.மீ. தூரத்தில் 80 கிராம் இழுக்கிறது, பெருக்கினால் 1400. ஈயக் கென்ஸான் எதிர்த்துப் பிடிக்கும் வலு 435-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 1520 சொச்சம். நிற்கும், ஆனால் நூலிழையில். எஃகுக்கு 1050 சொச்சம், அது கவிழும்.

தண்ணீர் ஊற்றியதும் நிலைமை இன்னும் இறுகுகிறது. மூழ்கிய உலோகம் தான் விலக்கிய நீரின் எடையை இழக்கும். 435 கிராம் ஈயம் தண்ணீருக்குள் 396 கிராம் போலத்தான் நடந்துகொள்ளும். 396-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 1386, கிளை இழுப்பதோ 1400. தண்ணீர் இல்லாமல் நின்ற அலங்காரம், தண்ணீர் ஊற்றிய சில நிமிடத்தில் மெல்ல முன்னால் குனிவதற்கு இதுதான் காரணம். இலை நுனியில் குவிந்திருக்கும் கிளையானால் எடைமையம் இன்னும் வெளியே போகும், நிலைமை மோசமாகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு, பெரிய கென்ஸான் வாங்க ஓட வேண்டாம். கிளை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் குத்துங்கள். நடுவிலிருந்து 3 செ.மீ. பின்னால் குத்தினாலே விளிம்பைத் தாண்டிய தூரம் 17.5-லிருந்து 14.5 ஆகக் குறைகிறது. இழுப்பு 1160-க்கு இறங்கிவிடும், 1386 வலுவுள்ள ஈயம் தாராளமாகப் பிடிக்கும். எஃகு அப்போதும் தோற்கும், தண்ணீருக்குள் அதன் வலு 920 சொச்சம்தான்.

அடுத்த பரிகாரம் இன்னும் வலுவானது. 5 செ.மீ. குறுக்களவுள்ள சிறிய ஈயக் கென்ஸான் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெரியதன் பின்ஓரத்து ஊசிகளில் ஊசிக்கு ஊசி கோத்து மாட்டிவிடுங்கள். சிறியது 220 கிராம் இருக்கும். முன்விளிம்பிலிருந்து 7 செ.மீ. தூரத்தில் அது உட்காருவதால் தண்ணீருக்குள்ளும் பிடிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே, ஒரு 10 செ.மீ. கென்ஸான் வாங்குவதா, 7-ம் 5-ம் வாங்குவதா என்று தயங்குபவர்கள் இரண்டாவதையே வாங்கலாம். 10 செ.மீ. கென்ஸான் ஒன்றே 890 கிராம் இருக்கும், வலுவில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதை மறைப்பதற்கே பாதி இலை போய்விடும்.

ஊசிகளைப் பார்க்கும் விதம்

எடைக்கு அடுத்தது ஊசியின் நெருக்கம். ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. வரை இருந்தால் புல்தண்டும் நிற்கும், விரல் தடிமன் கிளையும் நிற்கும். இடைவெளி 5 மி.மீ. ஆனதும் சாமந்தித் தண்டே ஊசிகளுக்கு நடுவே நழுவி அடியில் போய் உட்காரும், தொட்டால் சுழலும். ஊசி மிக நெருக்கமாக இருந்தாலும் தொல்லைதான். மரக்கிளை உள்ளே இறங்காமல் ஊசிமுனையிலேயே நின்று வழுக்கும்.

ஊசியின் உயரம் 1.2 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. 1 செ.மீ.-க்கும் குட்டையான ஊசிகள் பூக்காம்புக்குப் போதும், சாய்ந்த கிளைக்குப் போதாது.

ஊசி எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தும் கணிக்கலாம். நல்ல கென்ஸானில் ஊசிகள் வார்த்த ஈயத்துக்குள் ஆழ இறங்கியிருக்கும், நகத்தால் நெம்பினால் வளையுமே தவிர ஆடாது. மலிவானவற்றில் தகட்டில் துளையிட்டு ஊசியைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். 2 மாதம் தண்ணீரில் கிடந்ததும் பசை விட்டுப்போய், கிளையை எடுக்கும்போது ஊசியும் கூடவே வரும். பூ மாற்றும்போது விரலில் குத்துவது இப்படிக் கழன்ற ஊசிதான். ஓரத்து ஊசிகள் 4-ஐ விரலால் அசைத்துப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் வாங்க வேண்டாம்.

எஃகு ஊசியின் பெரிய குறை துரு. மேலே பூச்சு பளபளக்கும், ஊசி அடியில் நுழையும் இடத்தில் பழுப்பு வளையம் கட்டும், அங்கேயே ஒடியும். பித்தளை கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் ஒடியாது. செம்பு கலந்த உலோகப் பரப்பில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை என்பதும் பித்தளைக்கு ஒரு கூடுதல் மதிப்பு. அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிடக் கூடாது, ஊசிக்கு நடுவே சிக்கிய காம்புத் துணுக்கு அழுகத்தான் செய்யும்.

அடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயம் பீங்கானில் கருங்கோடு போடும். வளையம் அதைத் தடுப்பதோடு தட்டில் வழுக்காமலும் பிடித்துக்கொள்ளும். வளையம் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் வைத்தாலே போதும்.

ஈயம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈயம் நஞ்சு. கென்ஸான் கிடந்த தண்ணீரைக் குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ குடிக்கும் உயரத்தில் வைக்காதீர்கள். சாப்பிடும் பாத்திரங்களில் கென்ஸானை வைக்காதீர்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் கொட்ட வேண்டாம். இவ்வளவு கவனம் வீட்டில் முடியாது என்றால் ஈயத்தை விட்டுவிட்டு 10 செ.மீ. எஃகுக் கென்ஸான் வாங்கலாம். பரப்பு கூடுவதால் எடை 600 கிராமைத் தொடும், விளிம்பும் நடுவிலிருந்து 5 செ.மீ.-க்குத் தள்ளிப் போகும். துருவை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும்.

உறிஞ்சுகிண்ணம் வைத்த பிளாஸ்டிக் வகையைத் தோட்டத்துக் கிளைக்கு வாங்கவே வேண்டாம். வழவழப்பான கண்ணாடியில் முதல் நாள் பிடிக்கும். அடியில் ஒரு மணல்துகள் இருந்தாலும் காற்று கசிந்து இரவில் விட்டுவிடும். இடைப்பட்ட பிடி அதற்குக் கிடையாது. பிடிக்கும், இல்லாவிட்டால் மொத்தமாக விடும்.

தட்டு

தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 25 முதல் 30 செ.மீ. அகலம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், தட்டையான அடி, ஒற்றை நிறம். வடிவப்பூ வரைந்த தட்டில் கிளையின் கோடு தொலைந்துபோகும். அடி குவிந்திருந்தால் கென்ஸான் ஆடும். தண்ணீர் ஊசிமுனைக்கு மேலே ஒரு விரற்கடையாவது நிற்க வேண்டும். அடி 1 செ.மீ., ஊசி 1.3 செ.மீ. என்றால் தண்ணீர் 4 செ.மீ.-க்குக் குறையாமல் வேண்டும். 4 செ.மீ. ஆழத் தட்டில் இது விளிம்புவரை வந்து, தூக்கும்போது தளும்பும்.

கத்தரிக்கோல்

தொகுப்புகளோடு வரும் ஹசாமி என்ற இகெபானாக் கத்தரிக்கோலில் இரண்டு வடிவம் உண்டு. பெரணியின் சுருண்ட கொழுந்து போலக் கைப்பிடி திறந்து வளைந்திருப்பது ஒன்று, முழு வளையமாக மூடியிருப்பது இன்னொன்று. இகெனோபோவில் பழகுபவர்கள் முதல் வகையைப் பிடிப்பார்கள். திறந்த கைப்பிடியில் விரல் மாட்டிக்கொள்ளாது, மொத்த உள்ளங்கையாலும் அழுத்தலாம், தடித்த கிளைக்கு அது நல்லது. விரல் வலு குறைந்தவர்களுக்கு மூடிய வளையம் வசதி.

வெட்டும் திறனை ஒரு சோதனையில் பார்த்துவிடலாம். அலகின் நுனியால் ஒரு மெல்லிய புல்லை வெட்டுங்கள், அலகின் அடியால் பென்சில் தடிமன் மாதுளைக் கிளையை வெட்டுங்கள். இரண்டு வெட்டும் வழவழவென்று இருந்தால் போதும். வெட்டுவாய் நசுங்கி நார்நாராகத் தெரிந்தால் அந்தத் தண்டு தண்ணீர் குடிக்காது. தோட்டத்துக்கு வைத்திருக்கும் கத்தரிக்கோலே போதுமா என்றால், இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையாக இருந்தால் தாராளமாகப் போதும். ஒரு அலகு தட்டைத் தகட்டின் மேல் வந்து மோதும் வகை தண்டை நசுக்கும், அது வேண்டாம்.

கார்பன் எஃகு அலகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். வெட்டி முடித்ததும் பாலும் பிசினும் போகத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். அலகுகள் சேரும் மூட்டுப் பகுதியில் படும் தண்ணீரையும் துடைக்க மறக்கக் கூடாது.

ஊசி நிமிர்த்தி

பலர் தேவையில்லை என்று விட்டுவிடும் சின்னக் கருவி இது. ஒரு முனையில் ஊசி உள்ளே நுழையும் மெல்லிய குழாய் இருக்கும். வளைந்த ஊசியின் மேல் அதை மாட்டி நிமிர்த்த வேண்டும். மரக்கிளையை அடிக்கடி குத்துபவருக்கு மாதம் ஒரு முறையாவது இது வேண்டியிருக்கும், ஆகவே தொகுப்பில் இது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. குறடால் பிடித்து நிமிர்த்தினால் பித்தளை ஊசியில் பல் பதிந்து, அடுத்த முறை அதே இடத்தில் ஒடியும். ஊசியை நேராக நிமிர்த்துவதற்குப் பதில் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாக வளைத்து விடுங்கள், பித்தளை கொஞ்சம் திரும்பி வந்து நேராக நிற்கும்.

குத்திப் பார்த்தால்

கென்ஸானின் தரம் தெரிவது கிளை இறங்கும்போதுதான். பென்சில் தடிமன் கொய்யாக் கிளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் மரத்தின் முழு வட்டமும் ஒரே நேரத்தில் ஊசிகளை எதிர்க்கும். சாய்ந்த வெட்டில் கூரான முனை முதலில் இறங்கி மற்றதை இழுத்துக்கொண்டு போகும். அடிப்பாகத்தில் 1 செ.மீ. ஆழத்துக்குக் கூட்டல் குறி போலப் பிளந்துவிடுங்கள். கிளையின் அடியை இரண்டு கையாலும் பிடித்து நெட்டுக்குத்தாக அழுத்துங்கள். நல்ல ஊசியானால் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டு, கிளை ஊசியின் வேர்வரை இறங்கும். அடியை விடாமல் பிடித்துக்கொண்டு வேண்டிய கோணத்துக்கு மெல்லச் சாயுங்கள். சாய்த்தபடியே குத்த முயன்றால் ஊசிகள் வரிசையாகப் படுத்துவிடும், ஊசிகள் வளைவதற்கு முதல் காரணம் இதுதான். நுனியைப் பிடித்துச் சாய்த்தாலும் அதே கதி.

கையை எடுத்துவிட்டு நுனியை ஒரு விரலால் தட்டுங்கள். கிளை மட்டும் அசைந்தால் சரி. கிளை தன் அச்சில் சுழன்றால் ஊசி பிடிக்கவில்லை. கென்ஸானே தூக்கிக்கொண்டால் எடை போதவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறுகள், பரிகாரமும் வேறு. முதலாவதற்குக் கிளையை எடுத்துப் பிளவை ஆழமாக்கி வேறு இடத்தில் குத்த வேண்டும், இரண்டாவதற்குத் தலைகீழ்க் கென்ஸான்.

2 செ.மீ.-க்கு மேல் தடித்த கிளை எந்தக் கென்ஸானிலும் நேரடியாக இறங்காது. அடியை ஒரு பக்கம் சீவி மெலிதாக்கித்தான் குத்த வேண்டும்.

மென்தண்டுக்கு இதற்கு நேர்மாறு. சாமந்தி, சீனியா, கல்வாழை, குடைக்கோரை எல்லாவற்றையும் நேராக வெட்டிக் குத்த வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரே பக்கம்தான் ஊசியில் படும், தண்டு சாய்ந்துவிடும். புல்லும் பெரணியும் போல மெலிந்தவை நிற்க, கல்வாழைத் தண்டிலிருந்து 2 செ.மீ. துண்டு வெட்டிக் கென்ஸானில் குத்தி, அதற்குள் புல்லைச் செருகுங்கள். ஜெர்பரா போன்ற உள்கூடான தண்டுக்கு முதலில் ஒரு குச்சியை ஊசியில் நட்டு, தண்டை அதன் மேல் உறை போல மாட்டலாம். பாம்புக் கற்றாழை இலையைக் குத்தும்போது அடியில் 1 செ.மீ. கிழித்துக்கொண்டால் திரும்பாமல் நிற்கும். ரோஜாவில் ஊசிக்குள் போகும் பகுதியின் முள்ளை நீக்காவிட்டால், முள் ஊசியில் மோதித் தண்டு ஒருக்களிக்கும்.

அளவும் கோணமும்

சோஃபு தேஷிகஹாரா 1927-ல் தொடங்கிய சோகெட்சு பள்ளியின் அடிப்படை நிமிர்ந்த அமைப்பு, கென்ஸானைச் சோதிக்க நல்ல பாடம். தட்டின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டுங்கள். 28 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம் என்றால் 34. முதல் கிளையான ஷின் அதைப்போல ஒன்றரை மடங்கு, 51 செ.மீ. இரண்டாவது கிளையான சோயே ஷின்னில் முக்கால், 38 செ.மீ. மூன்றாவதான ஹிகாயே சோயேயில் முக்கால், 29 செ.மீ. இந்த அளவுகளை ஊசிக்கு மேலே தெரியும் நீளமாகக் கொள்ளுங்கள், வெட்டும்போது ஊசிக்குள் போகும் 1 செ.மீ.-ஐச் சேர்த்து வெட்டுங்கள்.

ஷின் நெட்டுக்குத்திலிருந்து 15 டிகிரி சாயும், சோயே 45, ஹிகாயே 75. இதில் கென்ஸானுக்கு உண்மையான சோதனை ஹிகாயே. 75 டிகிரி என்றால் ஏறக்குறைய படுத்த நிலை. மரக்கிளையை அவ்வளவு சாய்த்தால் ஊசிகள் தாங்க வேண்டும், ஆகவே ஹிகாயேவுக்கு மென்தண்டுப் பூவையே வைக்கப் பழகுங்கள். சாய்ந்த அமைப்பில் ஷின்னும் சோயேயும் கோணத்தை மாற்றிக்கொள்ளும், ஷின் 45-க்கு வரும். மேலே போட்ட எடைக்கணக்கு முழுவதும் அந்தச் சாய்ந்த ஷின்னுக்குத்தான்.

தோட்டத்திலிருந்து எது நிற்கும், எது வாடும்

ஊசியில் நின்றால் மட்டும் போதாது, தண்ணீரும் ஏற வேண்டும். விடியற்காலையில் வெட்டுங்கள், அப்போது தண்டு நீர் நிறைந்திருக்கும். வெட்டியதும் வாளித் தண்ணீரில் கழுத்துவரை 2 மணி நேரம் நிழலில் வையுங்கள். குத்துவதற்கு முன் அடியிலிருந்து 2 செ.மீ.-ஐத் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி வெட்டுங்கள். இதை மிசுகிரி என்பார்கள். காற்றில் வெட்டும்போது தண்டின் நீர்க்குழாய்கள் காற்றை இழுத்துக்கொள்கின்றன, அந்தக் காற்றுக்குமிழ் அடைப்பாக நின்று நீரை மேலே விடாது. சாமந்தியைத் தண்ணீருக்குள் வைத்துக் கையால் ஒடிப்பது பழைய வழக்கம், ஒடித்த வாய் சொரசொரப்பாக இருந்து நீரை நன்றாக எடுக்கும்.

கொய்யாக் கிளையும் மாதுளைக் கிளையும் தோட்டத்தின் பொக்கிஷங்கள். வளைவு தானாகவே இருக்கும், மரம் ஊசியை நன்றாகப் பிடிக்கும். முருங்கை அழகாகத் தெரியும், அழுத்தினால் பொடிந்துபோகும். காகிதப்பூ வெட்டிய அரை மணியில் தொங்கிவிடும். இலைகளை ஏறக்குறைய முழுவதும் உருவிவிட்டுக் கிளையை மொத்தமாகத் தண்ணீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுத்தால்தான் நிற்கும். செம்பருத்தி ஒரு நாள் பூ. தண்ணீரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்குத்தான் மலர்ச்சி, ஆகவே ஹிகாயே இடத்தில் வைத்து நாளும் மாற்றுவதே சரி.

பால் வடியும் செடிகளில் வெட்டுவாய் பாலால் அடைபடும். வெட்டிய அடியை மெழுகுவத்தித் தீயில் சில விநாடி காட்டுங்கள், இல்லையென்றால் கொதிநீரில் முக்கி உடனே குளிர்நீருக்கு மாற்றுங்கள். கொதிநீரின் ஆவி பூவில் படாமல் காகிதத்தால் சுற்றிக்கொள்ள வேண்டும். அரளி மட்டும் வேண்டாம். பாலும் இலையும் பூவும் நஞ்சு, வெட்டும் கத்தரிக்கோல்வரை கழுவ வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்கு ஏற்ற கோடு அதன் கிளையில் இல்லை.

தண்ணீரில் மூழ்கும் பகுதியில் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. கென்ஸானில் நாற்றம் வருவதற்கு இதுவே முக்கால் காரணம்.

வளைவு போதாத கிளையை வளைக்கவும் முடியும். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, மெல்ல முறுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் ஒடியும். கையின் சூடு ஏறும்வரை பிடித்திருந்தால் நார்கள் தளரும். இதையெல்லாம் குத்துவதற்கு முன்பே செய்து முடியுங்கள், கென்ஸானில் நட்டபிறகு வளைத்தால் வளைவது ஊசிதான்.

பராமரிப்பு

கிளையைப் பிடித்துக் கென்ஸானைத் தூக்காதீர்கள். அடியில் கையைக் கொடுத்து எடுத்து, ஒவ்வொரு தண்டையும் வந்த கோணத்திலேயே நேராக மேலே உருவுங்கள். ஊசிகளுக்கு நடுவே சிக்கிய நாரைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். உப்புநீரில் வெள்ளைப் படலம் கட்டினால் தேய்த்தே எடுக்க வேண்டும். வினிகரில் ஊறவைக்கும் யோசனை பல இடங்களில் சொல்லப்படுகிறது, ஈயக் கென்ஸானுக்கு அது தவறு. அமிலம் ஈயத்தைக் கரைத்துத் தண்ணீரில் கலக்கும். கழுவியதும் துணியில் தலைகீழாகக் கவிழ்க்காமல், பக்கவாட்டில் நிறுத்திக் காயவையுங்கள். 

பச்சை நிறப் பூ நுரைக்கட்டியோடு ஒப்பிட்டால் இவ்வளவு வேலையும் தேவைதானா என்று கேட்கலாம். நுரைக்கட்டியில் எந்தக் கோணத்திலும் தண்டை நட முடியும், பிடிப்பும் உண்டு. ஆனால் ஒரு முறை குத்திய துளை மூடாது, இடம் மாற்றிக் குத்த முடியாது. உபயோகித்தபின் பொடியாகி மண்ணிலும் தண்ணீரிலும் பிளாஸ்டிக் துகளாகத் தங்கும். இகெபானாவில் ஒரு கிளையை நாலு முறை எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் பாடமே. அதற்குக் கென்ஸான்தான் ஒத்துழைக்கும்.

காசு செலவழிக்காமல் முதலில் பழகிப் பார்க்க விரும்புபவருக்கு, உயரமான குடுவையில் செய்யும் நகேயிரே முறை இருக்கிறது. அதில் கென்ஸானே இல்லை. குடுவையின் வாய்க்குள் இரண்டு பச்சைக் குச்சிகளைக் கூட்டல் குறி போல இறுக்கமாக முட்டுக்கொடுத்து, 4 கட்டங்களில் ஒன்றில் கிளையைச் செருகி, கிளையின் அடி குடுவையின் உள்சுவரில் சாயும்படி நிறுத்துவார்கள். குச்சியை உள்விட்டத்தைவிட ஒரு நெல்லளவு நீளமாக வெட்டினால் இறுகும். அதிகம் நீண்டால் மெல்லிய மண்குடுவை விரிசல் விடும்.

கென்ஸான் வாங்கியவருக்கு அந்த 5 செ.மீ. சிறியது மூன்றாம் நாளில் மறுபடி உதவும். ஷின் கிளையின் இலை சுருண்டிருக்கும், ஹிகாயே இடத்துச் சாமந்தி இன்னும் விறைப்பாக இருக்கும். அதன் அடியைத் தண்ணீருக்குள் 2 செ.மீ. வெட்டி, தலைகீழாகக் கிடந்த சிறிய கென்ஸானைக் கழற்றி நிமிர்த்தி, ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு பெரணி இலையோடு நட்டுவிடுங்கள். இன்னும் 4 நாள் நிற்கும்.